மயிற்பீலியும் உலோகத் தகடும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் விராலிமலை என்பதோர் ஊர் உண்டு. திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்குச் செல்லும் பெருவழியில் அஃது அமைந்துள்ளது. குன்றின்மேல் முருகன் கோயில் விளங்குகின்றது. குன்றைச் சுற்றியுள்ள பாறைகளிலும் புதர்களிலும் மயில்கள் அச்சமின்றி உலவுகின்றன. கார்காலம் தொடங்குமுன் அவை தோகை விரித்து ஆடும் காட்சி, காண்பார் உள்ளத்தைக் கவர்வதாகும்.

யான் சிறுவனாயிருந்த காலத்தில் அம்மலையடியில் உதிர்ந்து கிடந்த பீலி ஒன்றை எடுத்து வந்தேன். அதன் கண்ணில் விளங்கிய நீலத்தை மையாக்கி, அம்மையினால் எழுதவேண்டும் என்பது என் பேராசை. கடையில் விற்கும் மை எதுவும் அந்நீலத்திற்கு ஈடாகாது என்று எண்ணினேன். வீட்டில் ஒருவரும் இல்லாத வேளையில் பீலியை நறுக்கி, அம்மியில் இட்டு, நீர் தெளித்து அரைத்தேன். அரைக்க அரைக்க நீலம் மங்கிற்று, பசுமையும் மறைந்தது. இறுதியில் அம்மியின்மேல் எஞ்சியது பழுப்பு நிறத்துப் பொடி ஒன்றே. என் அன்னையார் வந்து, அம்மியைக் கழுவி வைக்குமாறு கடிந்தாரேயன்றி, நீலம் எங்குச் சென்றது என்பதை அவரும் அறியார், யானும் அறியேன்.

அந்த நீலம் எங்கும் செல்லவில்லை. சாயமாகப் பீலியில் அஃது என்றுமே இருந்ததில்லை. பீலியின் நுண்ணிய இழைகளுக்குள், கருமை நிறப் பொருளாலாகிய மிகச் சிறிய கோல்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. அக்கோல்களுக்கு இடையிலுள்ள தொலைவு ஏறத்தாழ 140 முதல் 165 நானோமீட்டர் வரை ஆகும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறுகளாக்கின், அவற்றுள் ஒரு கூறே ஒரு நானோமீட்டர் எனப்படும். கோல்களின் இடைவெளி சிறிது குறுகியவிடத்து நீலமும், சிறிது அகன்றவிடத்துப் பச்சையும், மேலும் அகன்றவிடத்து மஞ்சளும் தோன்றுகின்றன. பொருள் ஒன்றே; அடுக்கு முறையே வேறு. யான் அம்மியில் அரைத்தபோது அழித்தது சாயத்தையன்று, அவ்வடுக்கையே அழித்துவிட்டேன்.

பறவைகளின் நிறங்களைப் பற்றி நம் நாட்டு அறிஞர் ஒருவரும் ஆராய்ந்துள்ளார். திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் 1888-ஆம் ஆண்டில் பிறந்து, 1930-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. இராமனே அவர். 1934-ஆம் ஆண்டில் அவர் பனங்காடையின் இறகை எடுத்து ஆராய்ந்து, அதன் நீலம் இறகின் நுண்ணிய அமைப்பினால் தோன்றுவது என்று காட்டினார்.

மாணவர்களே! வடிவத்தினாலேயே ஒளியை ஆளலாம் என்பதைப் பீலி நமக்குக் கற்பிக்கின்றது. இவ்வுண்மையைக் கொண்டு அறிவியலார் இக்காலத்தில் உலோகத் தகடுகளைச் செய்கின்றனர். பளபளக்கும் உலோகத்தின் மேற்பரப்பில், கண்ணுக்குப் புலனாகாத அளவில் வடிவங்களை அமைத்து, கண்ணுக்குப் புலனாகாத ஒளியை அது முழுதும் உண்ணுமாறு செய்கின்றனர். அஃது யாங்ஙனம் இயலும் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

கண்ணுக்குப் புலனாகாத ஒளியும் உண்டோ என நீங்கள் வினவலாம். நம் மொழியில் ‘ஒளி’ என்னும் சொல் வெளிச்சத்தைக் குறிக்கும். மறைந்துகொள் என்னும் பொருளையும் தரும். இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்துமாறு மறைந்து நிற்கும் ஒளி ஒன்றை, 1800-ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷெல் என்னும் வானநூலறிஞர் கண்டார். யுரேனசு என்னும் கோளை 1781-ஆம் ஆண்டில் கண்டுபிடித்தவரும் அவரே. அவர் சூரிய ஒளியைக் கண்ணாடி முப்பட்டகத்தின் வழியே செலுத்தி, வானவில்லின் நிறங்களாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்து அளந்தார். சிவப்பு நிறத்திற்கு அப்பால், நிறமே தோன்றாத இடத்தில் வைத்த வெப்பமானி, ஏனையவற்றினும் உயர்ந்து காட்டிற்று. அங்கே ஒளி இல்லை என்று கண் கூறிற்று; உண்டு என்று வெப்பமானி கூறிற்று. அக்கதிர்களையே இன்று அகச்சிவப்புக் கதிர்கள் என வழங்குகின்றோம்.

ஒளி அலையாகச் செல்வது. ஓர் அலையின் முகட்டிற்கும் அடுத்த முகட்டிற்கும் இடையிலுள்ள தொலைவு அலைநீளம் எனப்படும். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 நானோமீட்டரிலிருந்து 700 நானோமீட்டர் வரை ஆகும். அதற்கு மேல் ஒரு மில்லிமீட்டர் வரை நீள்வது அகச்சிவப்பு. ஆயிரம் நானோமீட்டர் கொண்டது ஒரு மைக்ரோமீட்டர். நம் உடலும் இடைவிடாது அகச்சிவப்புக் கதிரை வீசிக்கொண்டே இருக்கின்றது. அஃது ஏறத்தாழ 9 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் மிகுதியாக வெளிப்படும். சித்தன்னவாசலுக்குச் சென்றவர்கள் இதனைத் தம் கையினாலேயே அறியலாம். அங்கே சமண முனிவர்கள் வைகிய குகையும், வழவழப்பாக்கிய கற்படுக்கைகளும், ஓவியம் தீட்டிய குடைவரையும் உள்ளன. பகலெல்லாம் வெயிலுண்ட அக்குன்றின் பாறையருகே, கதிரவன் மறைந்தபின் கையைத் தொடாமல் நீட்டிப் பாருங்கள். இருளிலும் பாறை வெம்மையை வீசும். நாம் காணாத ஒளியை நம் தோல் காண்கின்றது.

இனி, உலோகத்தின் இயல்பைக் கருதுவோம். பொன், வெள்ளி, செம்பு, அலுமினியம் ஆகியவை அகச்சிவப்புக் கதிரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கிற்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். உலோகத்தினுள் எந்த ஓர் அணுவிற்கும் கட்டுப்படாமல் திரியும் எதிர்மின்னிகள் எண்ணிறந்தன உள்ளன. ஒளியலை வந்து தாக்கியவுடன் அவை அவ்வலையின் தாளத்திற்கு இசைந்து அசைந்து, அதனை வந்த பக்கமே எறிந்துவிடுகின்றன. அலை உலோகத்தினுள் சில பத்து நானோமீட்டர் ஆழத்திற்கு மேல் புகுவதில்லை. ஆகவே உலோகம் வெப்பக் கதிரை ஏற்க மறுக்கும் பொருளாகும்.

ஏற்க மறுப்பது, கொடுக்கவும் மறுக்கும். ஓர் அலைநீளத்தில் நன்கு ஏற்கும் பொருள், அவ்வலைநீளத்தில் நன்கு உமிழும், ஏற்காதது உமிழாது. இவ்விதியை 1859-ஆம் ஆண்டில் கிர்க்காஃப் என்னும் செருமானிய அறிஞர் வகுத்தார். இதனை யான் ஒரு மாணவியிடமிருந்து கற்றுக்கொண்டேன் என்பதை ஈண்டுக் கூறுதல் கடனாகும்.

பல்லாண்டுகட்குமுன், வகுப்பில் ஒருநாள், பாடத்தினிடையே அடுக்களைப் பாத்திரங்களைப் பற்றிப் பேச்சு வந்தது. கரி படிந்த செம்பில் வெந்நீர் நெடுநேரம் ஆறாதிருக்கும் என்றும், கரி போர்வையைப் போல வெப்பத்தைக் காக்கும் என்றும் யான் கூறினேன். எவரிடமோ கேட்டதை ஆண்டுதோறும் அவ்வாறே சொல்லிவந்தேன். மறுநாள் மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, எங்கள் வீட்டில் இரண்டு பித்தளைச் செம்புகளில் வெந்நீர் வைத்துப் பார்த்தேன். கரிச்செம்பில் இருந்த நீரே முன்னர் ஆறிற்று,” என்றாள். ஆசிரியர் கூறியதற்கு எதிர்மொழி கூறுதல் முறையன்று எனக் கடிந்து, அவளை அமரச் செய்தேன். அவள் ஒன்றும் பேசாமல் அமர்ந்தாள்.

அன்று மாலை என் மனம் அமைதி கொள்ளவில்லை. அறிவியல் ஆசிரியரிடம் வெப்பமானி ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். ஒரே அளவினவாகிய இரண்டு பித்தளைச் செம்புகளை எடுத்து, ஒன்றைப் புளியிட்டுத் துலக்கினேன். மற்றொன்றின் புறத்தே விளக்குப் புகையைப் பிடித்தேன். இரண்டிலும் ஒரே அளவு வெந்நீரை ஊற்றி, மூடி, காற்று வீசாத அறையில் பலகைமேல் வைத்து, நாழிகைதோறும் அளந்தேன். கரிச்செம்பே முந்தி ஆறிற்று. நம்பாமல் மறுநாளும் செய்து பார்த்தேன், முடிவு மாறவில்லை. கரி போர்வையன்று, அது வெப்பம் வெளியேறும் வாயில். துலக்கிய பித்தளையோ தன் வெப்பத்தை எளிதில் வெளிவிடுவதில்லை. அதற்கடுத்த நாள் வகுப்பில், யான் கூறியது பிழை என்றும், அம்மாணவி கூறியதே மெய் என்றும் அனைவர் முன்னிலையிலும் சொன்னேன். அவள் முகத்தில் பெருமிதம் தோன்றவில்லை; இரண்டு நாள் சுமந்த சுமையை இறக்கி வைத்தவர்க்குரிய அமைதியே தோன்றிற்று. பின்னர்ப் படித்தபொழுது, இதனையொத்த சோதனையை இசுக்காட்லாந்து நாட்டு அறிஞர் சான் லெசுலி என்பவர் 1804-ஆம் ஆண்டளவில் செய்து காட்டினார் என அறிந்தேன். அவர் கையாண்டது வெந்நீர் நிறைந்த உலோகக் கனசதுரம். அதன் பக்கங்களுள் ஒன்று துலக்கியது, ஒன்று கரி பூசியது.

உலோகத்தைக் கரியினால் மூடினால் அது கதிரை ஏற்கும் என்பது இதனால் விளங்கும். ஆயின் அப்போது ஏற்பது கரியேயன்றி உலோகமன்று. மேலும் கரி எல்லா அலைநீளங்களையும் வேறுபாடின்றி ஏற்கும், எல்லாவற்றையும் உமிழும். இன்ன அலையை ஏற்க, இன்ன அலையை விடுக்க எனத் தெரிந்தெடுக்கும் திறம் அதற்கு இல்லை. அத்திறம் வேண்டுமாயின் மேற்பரப்பின் வடிவத்தையே நாட வேண்டும்.

வடிவத்தின் அளவிற்கும் அலைநீளத்திற்கும் உள்ள உறவைக் கடற்கரையில் காணலாம். நம் மாவட்டத்தின் கிழக்கே கோட்டைப்பட்டினம், செகதாப்பட்டினம் முதலிய மீனவர் ஊர்கள் உள்ளன. அங்கே நீரில் கிடக்கும் சிறு கல்லை நீண்ட அலை பொருட்படுத்தாமல் கடந்து செல்லும். சிற்றலையோ அக்கல்லில் மோதிச் சிதறிச் சுழலும். ஒளியும் இவ்வாறே. தன் அலைநீளத்தினும் மிகச் சிறிய மேடுபள்ளங்களை அது காண்பதில்லை. அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க அளவினவற்றில் சிக்கிக்கொள்ளும்.

இவ்வுண்மையைப் பயன்படுத்தி வெயிலை ஏற்கும் தகடுகளைச் செய்தனர். சூரிய ஒளியின் பெரும்பகுதி 2.5 மைக்ரோமீட்டருக்கு உட்பட்டது. 80 பாகை செல்சியசு வெப்பமுள்ள தகடு வெளிவிடும் கதிரோ, 8 மைக்ரோமீட்டரை ஒட்டி மிகுந்திருக்கும். எனவே குறுகிய அலைகளுக்குக் கருமையாகவும், நீண்ட அலைகளுக்குப் பளபளப்பாகவும் இருக்கும் ஒரு பரப்பை அமைத்தால், அது வெயிலை வாங்கிக்கொண்டு வெப்பத்தை வெளிவிடாமல் காக்கும். இத்தகைய பரப்பின் பயனை 1955-ஆம் ஆண்டில் இசுரேல் நாட்டு அறிஞர் ஆரி டேபர் விளக்கினார். கருங்குரோமியம், கருநிக்கல் என்னும் பூச்சுகள் இவ்வினத்தைச் சார்ந்தவை. நற்கருங்குரோமியப் பூச்சு வெயிலில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கிற்கு மேல் ஏற்று, தன் வெப்பத்தில் கரி வெளிவிடுவதன் பத்தில் ஒரு பங்களவே வெளிவிடும்.

இப்பூச்சுகளைப் பற்றிய ஆராய்ச்சி நமக்கு அணித்தாகவே நடைபெற்றுள்ளது. நம் மாவட்டத்தை அடுத்த காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. வள்ளல் அழகப்பச் செட்டியார் அதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கினார். 1948-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 25-ஆம் நாள் சவகர்லால் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். 1953-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 14-ஆம் நாள், அந்நாளில் குடியரசுத் துணைத் தலைவராயிருந்த டாக்டர் இராதாகிருட்டிணன் அதனைத் திறந்து வைத்தார். மின்னோட்டத்தின் உதவியால் உலோகத்தின்மேல் கருங்குரோமியத்தையும் கருநிக்கலையும் படியச் செய்யும் முறைகளை அந்நிலையத்தார் ஆராய்ந்துள்ளனர்.

ஆயின் மின்பூச்சில் துகள்கள் தாமே விழுந்தபடி அமைகின்றன. ஒவ்வொரு வடிவத்தையும் அளந்து, எண்ணி, விரும்பிய இடத்தில் வைத்தல் இயலுமா? இயலும் என்பதே இந்நூற்றாண்டின் விடை. 2008-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்களாகிய லாண்டியும் படில்லாவும் அவர்தம் துணைவரும், உலோக வடிவங்களால் மின்காந்த அலையை ஏறத்தாழ முழுதும் ஏற்கும் ஓர் அமைப்பை வெளியிட்டனர். அஃது அகச்சிவப்பினும் நீண்ட நுண்ணலைகளுக்குரியது. 2010-ஆம் ஆண்டில் படில்லாவின் குழுவினர் அதே நெறியை அகச்சிவப்பிற்குக் கொணர்ந்து, 6 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் நூற்றுக்கு 97 பங்கு ஏற்கும் பரப்பைச் செய்து அளந்து காட்டினர். நம் நாட்டில் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த கோவிந்த் தயாளும் அனந்த இராமகிருட்டிணாவும், அகச்சிவப்பை மிகுதியாக ஏற்கும் பரப்புகளை வடிவமைக்கும் முறையை 2012-ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

அப்பரப்பின் அமைப்பை மனக்கண்ணில் காண்போம். அதற்கு மூன்று அடுக்குகள் உண்டு. அடியில் இருப்பது, ஒளி ஊடுருவ முடியாத அளவு தடித்த உலோகப் படலம். நூறு நானோமீட்டர் தடிப்பே அதற்குப் போதும். நடுவில் இருப்பது, அலுமினிய ஆக்சைடு போன்ற மின்கடத்தாப் பொருளாலாகிய மெல்லிய படலம். மேலே இருப்பவை தனித்தனியாகிய சிறு உலோகத் துண்டுகள். அவை சதுரமாகவோ வட்டமாகவோ சிலுவையாகவோ, கோலப்புள்ளிகளைப் போல ஒரே இடைவெளியில் வரிசையாக நிற்கும்.

இவ்வமைப்பு யாங்ஙனம் கதிரை ஏற்கின்றது? விடையை இசையிலிருந்து பெறலாம். நம் மாவட்டத்துக் குடுமியான்மலையில் 7-ஆம் நூற்றாண்டைச் சார்ந்ததெனக் கருதப்படும் புகழ் பெற்ற இசைக் கல்வெட்டு உள்ளதை நீங்கள் அறிவீர்கள். ஒரே சுருதியில் கூட்டிய இரண்டு நரம்புகளுள் ஒன்றை மீட்டினால், தீண்டாத மற்றொன்றும் தானே அதிரும் என்பதை இசைவாணர் அறிவர். இதற்கு ஒத்ததிர்வு என்று பெயர். நரம்பின் நீளத்திற்கேற்பச் சுருதி அமைவது போலவே, உலோகத் துண்டின் நீளத்திற்கேற்ப அஃது இசையும் அலைநீளம் அமையும். அவ்வலைநீளமுடைய கதிர் வந்து வீழ்ந்தால், துண்டிலுள்ள எதிர்மின்னிகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கும், அங்கிருந்து மீண்டும் இங்கும் ஓடத் தொடங்கும். அடியிலுள்ள படலத்திலும் அவற்றிற்கு எதிர்த்திசையில் ஓட்டம் எழும். இவ்விரு ஓட்டங்களுக்கும் இடையில், நடுப்படலத்திற்குள் ஒளியின் ஆற்றல் சிறைப்பட்டு வெப்பமாக மாறும்.

துண்டின் நீளத்தைத் தோராயமாகக் கணக்கிடுதல் எளிது. நடுப்படலத்தினுள் அலையின் நீளம் குறையும். அக்குறைவு இரண்டு மடங்கு எனக் கொள்வோம். வெளியே 10 மைக்ரோமீட்டர் நீளமுள்ள அலை, உள்ளே 5 மைக்ரோமீட்டர் ஆகும். துண்டின் நீளம் இதில் பாதியாயின் ஒத்ததிர்வு உண்டாகும், அஃதாவது 2.5 மைக்ரோமீட்டர். மனிதரின் தலைமயிர் ஏறத்தாழ 70 மைக்ரோமீட்டர் தடிப்புடையது. அம்மயிரின் குறுக்கே இத்துண்டுகளில் இருபத்தெட்டை வரிசையாக வைக்கலாம்.

நீளம் மட்டும் பொருந்தினாற் போதாது. நடுப்படலத்தின் தடிப்பும் பொருந்த வேண்டும். துண்டு தான் வாங்கிய ஆற்றலை இரண்டு வழிகளில் செலவிடும். ஒரு பகுதியை மீண்டும் கதிராக வெளியே வீசும். மற்றொரு பகுதியை உள்ளே வெப்பமாக்கும். இவ்விரண்டும் ஒரே விரைவில் நிகழுமாறு படலத்தின் தடிப்பை அமைத்துவிட்டால், துண்டு வெளியே வீசும் அலை, நேரே மீளும் அலையின் முகட்டிற்குத் தன் பள்ளத்தை ஈடாக வைத்து, அதனை முற்றும் அழித்துவிடும். மேற்செல்வதற்கு அலை இல்லை. கீழ்ச்செல்வதற்குத் தடித்த உலோகம் இடங்கொடாது. ஆகலின் வந்த ஆற்றல் அனைத்தும் உள்ளேயே தங்கி வெப்பமாகும். படலம் மிக மெல்லியதாயினும் மிகத் தடித்ததாயினும் இச்சமநிலை கெடும். வரவும் செலவும் ஒத்து நின்றாலன்றி இக்கணக்கு நேர்ப்படாது.

இவற்றைச் செய்யும் முறையும் நமக்கு முற்றும் புதியதன்று. நம் முன்னோர் பனையோலையில் எழுத்தாணியால் கீறினர். பின் விளக்குக் கரியைத் தேய்த்தனர். ஓலையைத் துடைத்தவழி, கீறிய இடத்தில் மட்டும் கரி தங்கி எழுத்து விளங்கிற்று. இங்கே ஓலைக்கு ஈடாவது தகட்டின்மேல் பூசிய மெல்லிய பிசின் படலம். எழுத்தாணிக்கு ஈடாவது எதிர்மின்னிக் கற்றை. கற்றை பட்ட இடத்துப் பிசின் தக்கதொரு நீர்மத்தில் கரைந்து போகும். அதன்மேல் வெற்றிடத்தில் பொன்னாவியைப் படியச் செய்வர். எஞ்சிய பிசினைக் கரைத்து நீக்கும்போது, அதன்மேல் படிந்த பொன்னும் உடன் நீங்க, எழுதிய இடத்தில் மட்டும் பொன் தங்கும். எழுதுமுன், மாக்சுவெல் 1865-ஆம் ஆண்டில் வெளியிட்ட மின்காந்தச் சமன்பாடுகளைக் கணிப்பொறியில் இட்டு, துண்டின் நீளம், இடைவெளி, படலத்தின் தடிப்பு ஆகியவற்றைச் சிறிது சிறிதாக மாற்றி, தக்க அளவைத் தெரிந்துகொள்வர்.

இதனால் விளையும் பயன்கள் சிலவற்றைக் கூறுவோம். ஒவ்வொரு வளியும் தனக்கே உரிய அகச்சிவப்பு அலைகளை ஏற்கும். கரியமில வளி 4.26 மைக்ரோமீட்டர் அலையை வலிமையாக ஏற்கின்றது. அவ்வலையை மட்டும் ஏற்கும் பரப்பை வெப்ப உணரியின்மேல் அமைத்தால், காற்றில் அவ்வளி எவ்வளவு கலந்துள்ளது என்பதை அளக்கலாம். நன்கு ஏற்பது நன்கு உமிழும் ஆதலின், அதே பரப்பைச் சூடேற்றினால், அது வேண்டிய அலையை மட்டும் வீசும் விளக்காகவும் பயன்படும்.

நம்மைப் போல வெயில் மிகுந்த நாட்டிலுள்ளார்க்கு வேறொரு பயனும் நெருங்கியதாகும். 8 முதல் 13 மைக்ரோமீட்டர் வரையுள்ள கதிர்கள், தெளிந்த வானத்தில் வளிமண்டலத்தைக் கடந்து வெளியே சென்றுவிடும். வெயிலைத் திருப்பி அனுப்பி, இவ்வலைகளை மட்டும் உமிழும் பரப்பு ஒன்று கூரைமேல் இருப்பின், அது தன் வெப்பத்தை வானவெளிக்கே அனுப்பித் தானே குளிரும். 2014-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இசுடான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆசுவத் இராமன் முதலியோர், வெள்ளிப் படலத்தின்மேல் ஏழு மெல்லிய படலங்களை அடுக்கி இத்தகைய பரப்பைச் செய்தனர். நேர் வெயிலில் வைத்தும் அது சூழ்ந்த காற்றினும் 4.9 பாகை குளிர்ந்திருந்தது. அதற்கு மின்சாரம் சிறிதும் வேண்டப்படவில்லை. வானம் மூட்டமாயும் காற்று ஈரமாயும் இருப்பின் இக்குளிர்ச்சி குறையும் என்பதையும் மறத்தலாகாது.

இப்பரப்புகளுக்குக் குறைகளும் உள்ளன. எதிர்மின்னிக் கற்றையால் எழுதுதல் மெதுவாக நடைபெறுவது. கைக்குட்டை அளவு பரப்பை எழுதுவதற்கே நெடுங்காலம் செல்லும். மிகுந்த சூட்டில் பொன் துண்டுகள் உருகு நிலையை எய்துமுன்னரே முனை மழுங்கித் தம் வடிவத்தை இழக்கும். வடிவம் இழந்தால் யான் அரைத்த பீலியின் நிலையே அவற்றிற்கும் நேரும். ஒரே அளவுத் துண்டு ஓர் அலைநீளத்தையே ஏற்குமாதலின், பல அலைகளை ஏற்க வேண்டின் பல அளவுத் துண்டுகளைக் கலந்து வைக்க வேண்டும். இக்குறைகளை நீக்குவதற்குரிய வழிகளை ஆய்வாளர்கள் தேடிவருகின்றனர். அச்சினால் பதித்தல், துகள்களைத் தாமே ஒழுங்குபடச் செய்தல் ஆகியவை அவற்றுள் சில.

மாணவர்களே! உங்கள் ஊரில் மயிற்பீலி உதிர்ந்து கிடப்பின், அதனை அரைக்க வேண்டா. வெயிலில் பிடித்து, மெல்லச் சாய்த்துப் பாருங்கள். சாய்க்கும் கோணத்திற்கேற்ப நிறம் சிறிது மாறும். சாயமாயின் அவ்வாறு மாறாது. வீட்டில் இரண்டு செம்புகளை எடுத்து, பெரியோர் துணையுடன் வெந்நீர் ஊற்றி அளந்து பாருங்கள். நீங்கள் கண்டது, ஆசிரியர் கூறியதற்கு மாறாக இருப்பின், மறுமுறையும் செய்து பாருங்கள். அப்பொழுதும் மாறாக இருப்பின், எழுந்து நின்று பணிவுடன் கூறுங்கள். கேட்பவர் கடிந்தாலும், வெப்பமானி பொய் கூறாது. யான் அன்று அம்மாணவியை அமரச் செய்தது என் பிழை. அவள் வீட்டில் அடுப்பருகே அமர்ந்து இரண்டு செம்புகளைக் காத்திராவிடின், அப்பிழையை யான் இன்றும் சொல்லிக்கொண்டிருப்பேன்.

பயிற்சி வினாக்கள்

1. மயிற்பீலியை அரைத்தபொழுது நீலம் மறைந்தது ஏன்?

2. ஹெர்ஷெல் அகச்சிவப்புக் கதிரைக் கண்ட வரலாற்றைச் சுருக்கி எழுதுக.

3. துலக்கிய செம்பிலும் கரி படிந்த செம்பிலும் வெந்நீர் ஆறும் விரைவு வேறுபடுவதற்குக் காரணம் கூறுக.

4. நடுப்படலத்தினுள் அலைநீளம் இரண்டு மடங்கு குறையுமாயின், 6 மைக்ரோமீட்டர் அலையை ஏற்பதற்குரிய துண்டின் நீளம் தோராயமாக எவ்வளவு?

5. பனையோலையில் எழுதுவதற்கும் எதிர்மின்னிக் கற்றையால் எழுதுவதற்கும் உள்ள ஒற்றுமைகளை விளக்குக.